தரவுத்தளம் கட்டுபவர்கள் தொழில் பழகிய இடம்: வாசகர் கேள்வி – பதில்

திறந்த மூலத் தரவுத்தளங்களை வெளியிலிருந்து பயன்படுத்துவோர் நம்மிடையே நிறைய. அவற்றின் உள்ளே கை வைத்து எழுதுகிறவர்கள் அந்தத் தொழிலை எப்படிக் கற்றார்கள் என்று பினாங்கு, கோலாலம்பூர் வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். பெரும்பாலான கேள்விகள் போஸ்ட்கிரெஸ் என்ற திறந்த மூலத் தரவுத்தளத்தைச் சுற்றியே இருப்பதால் பதில்களும் அதையே முன்வைக்கின்றன.

டிப்ளோமா மாணவி, புக்கிட் மெர்தாஜாம்: சி மொழி ஓரளவு வரும், தரவுத்தளத்தோடு பேசும் எஸ்கியூஎல் மொழியைக் கல்லூரியில் படித்தேன். தரவுத்தளத்தையே எழுதுகிறவர்கள் என்ன படித்தார்கள் என்று கேட்டால், முனைவர் பட்டம் இல்லாமல் அந்தப் பக்கம் போக முடியாது என்கிறார்கள். உண்மையா?

இல்லை. பட்டம் பெற்றவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்தப் பட்டம்தான் அவர்களுக்குத் தொழிலைக் கொடுத்தது என்று சொல்ல முடியாது. எஸ்கியூலைட் என்ற தரவுத்தளத்தை 2000-இல் தொடங்கிய ரிச்சர்ட் ஹிப் முனைவர்தான். ஆனால் அவருடைய ஆய்வு, மனிதப் பேச்சைக் கணினி புரிந்துகொள்வது பற்றியது. போர்க்கப்பலுக்கான ஒரு மென்பொருளில், தனியாக சர்வரும் நிர்வாகியும் தேவைப்படாத தரவுத்தளம் வேண்டியிருந்தது. அந்தத் தேவையில்தான் எஸ்கியூலைட் பிறந்தது. போஸ்ட்கிரெஸ் குழுவை 1996-இல் சேர்ந்து தொடங்கியவர்களில் ஒருவரான புரூஸ் மோம்ஜியன் கல்வியியலில் முதுகலை படித்தவர். பள்ளியில் கணினி ஆசிரியராக இருந்தார். வழக்கறிஞர் நிறுவனங்களுக்குத் தரவுத்தள மென்பொருள் எழுதித் தந்தார்.

போஸ்ட்கிரெஸின் தொடக்கம் என்னவோ பல்கலைக்கழகம்தான்: 1986, பெர்க்லி, மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர். எஸ்கியூஎல் மொழியை அதில் 1994-இல் சேர்த்தவர்கள் ஆண்ட்ரூ யூ, ஜாலி சென் என்ற இரு மாணவர்கள். பல்கலைக்கழகம் கைவிட்ட பிறகு வளர்த்தவர்களோ அதைத் தினமும் பயன்படுத்தி, அதன் குறைகளால் அவதிப்பட்டவர்கள். தங்கள் வேலைக்கு இடைஞ்சலாக இருந்த ஒரு பிழையைத் திருத்த உள்ளே போனார்கள், அங்கே பிறர் எழுதியதைப் படித்தார்கள், தங்கியும் விட்டார்கள்.

ஆய்வுக் கட்டுரைகள் வேண்டாம் என்று இதற்குப் பொருள் இல்லை. மூன்றைக் கட்டாயம் படியுங்கள்: வினவலுக்கு (தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்விக்கு) செலவு கணக்கிட்டு வழி தேர்ந்தெடுப்பது பற்றி செலிங்கர் குழு 1979-இல் எழுதியது, பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் பி-மரம் (இன்டெக்ஸ், அதாவது தேடல் பட்டியல், கட்டப்படும் அமைப்பு) பற்றி லேமனும் யாவோவும் 1981-இல் எழுதியது, விபத்துக்குப் பின் மீள்வது பற்றி மோகன் குழு 1992-இல் எழுதிய ஏரிஸ். ஆனால் வரிசையை மாற்றிப் படியுங்கள். முதலில் மூலநிரலில் உள்ள ரீட்மீ என்ற விளக்கக் கோப்பு, அதன்பின் கட்டுரை. பி-மரத்துக்கான என்பிடிரீ கோப்புறையின் ரீட்மீ, லேமன்–யாவோ முறையிலிருந்து எங்கெங்கே விலகினோம், ஏன் விலகினோம் என்று சொல்கிறது. ஏரிஸ் கட்டுரையில் பாதி, செய்ததைத் திரும்ப அழிக்கும் அன்டூ பற்றியது. போஸ்ட்கிரெஸில் அது இல்லவே இல்லை; பழைய வரிசை (ரோ) டேபிளிலேயே கிடப்பதால் அழிக்க எதுவும் இல்லை. கட்டுரையில் இருந்து நிரலில் இல்லாமல் போனது எது, ஏன் என்று கேட்கக் கற்றுக்கொண்டால் பாதி தூரம் வந்துவிட்டீர்கள்.

தொழிற்சாலைத் தொழில்நுட்பர், பாயான் லெப்பாஸ்: என்னிடம் 8 ஜிபி நினைவகம் உள்ள பழைய மடிக்கணினி இருக்கிறது, விண்டோஸ்தான். இதில் போஸ்ட்கிரெஸை மூலநிரலிலிருந்து கம்பைல் செய்ய முடியுமா? படிப்படியாகச் சொல்லுங்கள்.

தாராளமாக முடியும். 10 ஜிபி காலியிடம் இருந்தால் நெருக்கடியே இருக்காது. விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்ட உதவும் டபிள்யூஎஸ்எல் வழியாக உபுண்டு லினக்ஸை நிறுவிக்கொள்ளுங்கள். மூலநிரலை உபுண்டுவின் சொந்த ஹோம் கோப்புறையில் வையுங்கள். விண்டோஸின் சி டிரைவில் வைத்தால் கோப்பு அனுமதிகள் குழம்பும், கம்பைல் ஆமை வேகத்தில் போகும். இந்த ஒரு தவறால் முதல் நாளிலேயே சோர்ந்துபோகிறவர்கள் உண்டு.

தேவையான கருவிகள்: கிட் (நிரலின் மாற்றங்களைக் காத்து வைப்பது), ஜிசிசி (சி கம்பைலர்), மேக் (make), பைசன், ஃபிளெக்ஸ், பெர்ல், பிகேஜி-கான்ஃபிக், ஜிடிபி (ஓடும் நிரலை நிறுத்தி உள்ளே பார்ப்பது). நூலகங்கள்: ரீட்லைன், ஸீலிப், ஐசியு. நூலகங்களில் பெயரின் முடிவில் 'டெவ்' என்று வரும் தொகுப்புகளை நிறுவ வேண்டும். நூலகம் இருந்தும் "காணவில்லை" என்று, கம்பைலுக்குத் தயார்செய்யும் கான்ஃபிகர் கட்டளை முறையிட்டால், தலைப்புக் கோப்புகளைத் தரும் அந்த டெவ் தொகுப்பு இல்லை என்று அர்த்தம். பெர்லில் எழுதிய டேப் சோதனைகளுக்கு அந்த மொழியின் ஐபிசி ரன் தொகுதியும் வேண்டும்.

கிட் மூலம் மூலநிரலை இறக்கியதும் கான்ஃபிகர் கட்டளைக்கு ஐந்து விஷயங்களைச் சொல்லுங்கள். நிறுவும் இடம் உங்கள் ஹோமுக்குள் இருக்கட்டும் (பிரிஃபிக்ஸ்). எனேபிள் டீபக், எனேபிள் சிஅசர்ட், எனேபிள் டேப்-டெஸ்ட்ஸ் மூன்றும் வேண்டும். கம்பைலரின் மெருகேற்றத்தை ஓ0 என்று நிறுத்திவிடுங்கள். இல்லையென்றால் ஜிடிபி-யில் மாறிகளின் மதிப்பைக் கேட்கும்போது பாதி காணாமல் போயிருக்கும். சிஅசர்ட்டை விட்டுவிடாதீர்கள். நிரலுக்குள் ஆயிரக்கணக்கான இடங்களில் "இங்கே இது உண்மையாக இருக்க வேண்டும்" என்று மூத்தவர்கள் எழுதி வைத்த காவல்கள் அப்போதுதான் விழித்துக்கொள்ளும். நீங்கள் தப்பு செய்தால் அந்த வரியிலேயே சர்வர் விழும். அந்த வேகத்தில் கிடைக்கும் பாடத்துக்கு ஈடு இல்லை. ஆனால் இப்படிக் கம்பைல் செய்ததை வைத்து வேகம் அளக்காதீர்கள், எண்கள் பொய் சொல்லும்.

அடுத்து மேக், எத்தனை கோர் இருக்கிறதோ அத்தனை இணை வேலைகளுடன். பிறகு 'மேக் செக்'. இது தனக்கென்று தற்காலிக சர்வரை எழுப்பி 200-க்கு மேற்பட்ட சோதனைகளை ஓட்டும். ஏதாவது தோற்றால் சோதனைக் கோப்புறையில் ரிக்ரெஷன் டிஃப்ஸ் என்ற கோப்பு உருவாகும். எதிர்பார்த்த விடைக்கும் வந்த விடைக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் அதில் இருக்கும். எல்லாம் தேறினால் 'மேக் இன்ஸ்டால்', பிறகு தரவுக் கோப்புறையை உருவாக்கும் இனிட்டிபி, பிறகு பிஜி சிடிஎல் கொண்டு சர்வரைத் தொடங்குங்கள். ரூட் பயனராக இருந்தால் இனிட்டிபி மறுத்துவிடும், அது வேண்டுமென்றே வைத்த தடை. கணினியில் ஏற்கெனவே ஒரு போஸ்ட்கிரெஸ் ஓடினால் 5432 என்ற போர்ட் எண் மோதும், 5433 கொடுங்கள். சில வாரம் கழித்து புதிய நிரலை இழுத்துக் கம்பைல் செய்த பின் சர்வர் எழ மறுத்தால் பதற வேண்டாம். உள் அட்டவணைகளின் பதிப்பு எண் மாறியிருக்கும். சோதனைத் தரவுதானே, கோப்புறையை அழித்து மறுபடி இனிட்டிபி செய்யுங்கள்.

சர்வர் ஓடுகிறது என்றால் முதல் பாடம் இது. எஸ்கியூஎல் கட்டளை தரும் பிஸ்க்யூஎல் சாளரத்தில் பிஜி பேக்எண்ட் பிட் என்ற ஃபங்க்ஷனை அழைத்தால் உங்கள் இணைப்புக்கான புராசஸ் எண் வரும். போஸ்ட்கிரெஸில் ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு தனி புராசஸ். இன்னொரு சாளரத்தில் ஜிடிபி-யை அந்த எண்ணோடு இணையுங்கள். "அனுமதி இல்லை" என்று வந்தால் உபுண்டுவின் பிடிரேஸ் கட்டுப்பாடுதான் காரணம். சூடோ போட்டு இணையுங்கள். சிக்னல் யூஎஸ்ஆர்1 வரும்போதெல்லாம் ஜிடிபி நின்று தொல்லை தரும், அதை நிறுத்தாமல் கடத்தச் சொல்லிவிடுங்கள். இப்போது 'இன்ட்4டிவ்' என்ற ஃபங்க்ஷனில் நிறுத்தப்புள்ளி வைத்து, 10-ஐ 0-ஆல் வகுக்கும் ஒரு செலக்ட்டை ஓட்டுங்கள். நின்றதும் 'பிடி' கொடுத்து, யார் யாரை அழைத்து இங்கே வந்தார்கள் என்று கீழிருந்து மேலாகப் படியுங்கள்.

வினவலை ஓட்டும் எக்ஸிகியூட்டரிலிருந்து அழைப்பு வந்திருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் பட்டியலில் அழைப்பைத் தொடங்கி வைத்திருப்பது, ஓட்டும் வழியைத் திட்டமிடும் பிளானர்! இரண்டும் மாறிலிகள் என்பதால் திட்டம் போடும்போதே கணக்குப் போட்டுவிடப் பார்க்கிறது. ஒரு டேபிளின் நெடுவரிசையை 0-ஆல் வகுத்துப் பாருங்கள். இப்போது எக்ஸிகியூட்டர் வரும். ஒரு மாலை நேரத்தில் இந்த இரண்டு அடுக்குகளையும் நேரில் பார்த்துவிடுவீர்கள்.

அம்மா, செந்தூல்: எஸ்பிஎம் முடித்த மகன் இரவெல்லாம் இதே வேலையாக இருக்கிறான். பிழைப்புக்கு ஆகுமா?

ஆகும், அம்மா. ஆனால் உடனே சம்பளமாக வராது. தரவுத்தளத்தின் உள்ளே பழகியவர்களைத் தரவுத்தள நிர்வாகம், மேகக் கணினிச் சேவை, வங்கி மென்பொருள் போன்ற வேலைகளுக்கு எடுக்கிறார்கள். அவன் டிப்ளோமாவோ பட்டமோ படித்துக்கொண்டே இதைச் செய்யட்டும். தூக்கத்தை மட்டும் விட வேண்டாம் என்று சொல்லுங்கள். தூங்காமல் எழுதிய சி நிரலைத் திருத்த அதைவிட இரண்டு மடங்கு இரவு வேண்டும்.

மென்பொருள் பொறியாளர், ஜார்ஜ்டவுன்: கம்பைல் செய்து ஓட்டிவிட்டேன். பத்து லட்சம் வரிகளைத் தாண்டும் நிரலில் எங்கே தொடங்குவது? கோப்பு கோப்பாகப் படித்தால் தலை சுற்றுகிறது.

கோப்பு கோப்பாக யாரும் படிப்பதில்லை. ஒரு கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டு, அதன் விடை கிடைக்கும் வரை மட்டும் படிப்பதுதான் பழக்கம். கேள்வி சின்னதாகவும் விடை எண்ணாகவும் இருக்கட்டும். ஒன்று தருகிறோம்.

ஒரே ஒரு முழுஎண் நெடுவரிசை உள்ள டேபிள் உருவாக்குங்கள். 226 வரிசைகள் சேர்த்து டேபிளின் அளவைக் கேளுங்கள்: 8192 பைட். இன்னும் ஒரு வரிசை சேருங்கள்: 16384. ஏன் 226? இப்போது நிரலுக்குள் போங்கள். ஒரு பக்கம் 8192 பைட். அதன் தலைப்பு 24 பைட், மீதி 8168. ஒவ்வொரு வரிசைக்கும் பக்கத்தின் மேற்புறத்தில் ஒரு சுட்டி, 4 பைட். வரிசையின் தலைப்பு 23 பைட், அது 24-ஆக நிரவப்படும். முழுஎண் 4 பைட், ஆக 28. எட்டின் மடங்காக நிரவினால் 32. சுட்டியும் சேர்த்து 36. 226-ஐ 36-ஆல் பெருக்கினால் 8136, இடம் இருக்கிறது. 227-க்கு 8172 வேண்டும், நான்கு பைட் போதவில்லை.

இதையே பூலியன் (ஆம்/இல்லை) நெடுவரிசையோடு செய்து பாருங்கள். ஒரு பைட்தானே, நிறைய வரிசைகள் பிடிக்கும் என்று தோன்றும். அதே 226தான் வரும். எட்டு பைட் பிக்இன்ட் போட்டாலும் 226தான். நிரவல் என்ன செய்கிறது என்பதை எந்தப் பாடநூலும் இதைவிடத் தெளிவாகச் சொல்லாது. பிறகு ஒரு வரிசையை அப்டேட் செய்து, எக்ஸ்மின், எக்ஸ்மேக்ஸ், சிடிஐடி என்ற மறைவு நெடுவரிசைகளையும் சேர்த்து செலக்ட் செய்யுங்கள். சிடிஐடி மாறியிருக்கும்: பழையது அங்கேயே செத்துக் கிடக்கிறது, புதியது வேறு இடத்தில். பேஜ்இன்ஸ்பெக்ட் என்ற நீட்டிப்பைப் போட்டால் செத்ததையும் கண்ணால் பார்க்கலாம். செத்த வரிசைகளை அகற்றும் வேக்யூம் எதற்கு என்று பிறகு யாரும் உங்களுக்கு விளக்க வேண்டியிருக்காது.

இதன்பின் படிக்க வேண்டியவை ரீட்மீக்கள். ஆப்டிமைசர், பஃபர், டிரான்ஸ்ஆம், எல்எம்ஜிஆர் கோப்புறைகளில் உள்ளவை ஒவ்வொன்றும் ஒரு நல்ல கட்டுரைக்குச் சமம்.

மூத்தவர்களின் கையில் உள்ள இன்னொரு கருவி, வரலாறு. புரியாத ஒரு வரியைக் கண்டால் கிட் பிளேம் கொடுத்து, எந்த கமிட்டில் (பதிவான மாற்றத்தில்) வந்தது என்று பாருங்கள். ஒரு சொல் முதலில் எப்போது நுழைந்தது என்று தேட, கிட் லாக்கில் பெரிய எஸ் தெரிவு உண்டு. போஸ்ட்கிரெஸில் கமிட் செய்தி ஒரு வரியோடு முடிவதில்லை: என்ன பிழை, ஏன் இந்த வழி, வேறு எந்த வழி ஏன் ஒதுக்கப்பட்டது, யார் எழுதினார், யார் பரிசீலித்தார், விவாதம் எங்கே என்பதெல்லாம் இருக்கும். தினமும் இரண்டு கமிட், ஒரு தே தாரிக் ஆறுவதற்குள் படித்துவிடலாம். ஓர் ஆண்டில் எழுநூறு முடிவுகளுக்கான காரணங்கள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். இதற்கு மாற்றாக எந்தப் பயிற்சி வகுப்பையும் நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

தனித்தொழில் நிரலாளர், பிரிக்பீல்ட்ஸ்: ஒரு தமிழ் நூலகத்துக்குப் பட்டியல் மென்பொருள் எழுதுகிறேன். அகர வரிசை கேட்டால் பனி, பறவை, பலா, பழம் என்று வருகிறது. இது தரவுத்தளத்தின் பிழையா? பிழை என்றால் நானே திருத்தி அனுப்பலாமா?

பிழை இல்லை, ஆனால் அருமையான நுழைவாசல். உங்கள் தரவுத்தளம் எழுத்துகளை யூனிகோட் எண் வரிசையில் அடுக்குகிறது. அந்த அட்டவணையில் ன, ந-வுக்கு அடுத்து நிற்கிறது. ற, ர-வுக்கு அடுத்து. நம் நெடுங்கணக்கிலோ ய ர ல வ ழ ள ற ன. ஆகவே சரியான வரிசை பலா, பழம், பறவை, பனி.

போஸ்ட்கிரெஸ் 10-ஆம் பதிப்பிலிருந்து ஐசியு நூலகத்தின் வரிசை விதிகளைப் பயன்படுத்தலாம். அந்த நெடுவரிசைக்கு 'டிஏ-எக்ஸ்-ஐசியு' (ta-x-icu) என்ற கொலேஷனை, அதாவது எழுத்துகளை அடுக்கும் விதியை, கொடுங்கள். பெயரை இரட்டை மேற்கோளுக்குள் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் உள்ள கோடு கழித்தல் குறியாகப் படிக்கப்பட்டு வாக்கியப் பிழை வரும். இன்னொன்று: இப்படி மாற்றிய பின் 'பல' என்று தொடங்குவதை லைக் மூலம் தேடினால் சாதாரண இன்டெக்ஸ் உதவாது. டெக்ஸ்ட் பேட்டர்ன் ஆப்ஸ் வகையில் தனி இன்டெக்ஸ் போடுங்கள்.

கொலேஷன் விஷயத்தில் மூத்தவர்கள் ஏன் இவ்வளவு கவனமாக இருக்கிறார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். லினக்ஸின் ஜிலிப்சி நூலகம் 2018-இல் 2.28 பதிப்பில் வரிசை விதிகளை மாற்றியது. பழைய விதியில் கட்டிய பி-மரம் அப்படியே இருக்க, புதிய விதியில் தேடினால் என்ன ஆகும்? மரத்தில் இடப்பக்கம் இருப்பதை வலப்பக்கம் போய்த் தேடும். டேபிளில் இருக்கும் வரிசையே (ரோ) "இல்லை" என்று வரும். தனித்துவ இன்டெக்ஸில் ஒரே பெயர் இருமுறை ஏறும். இயங்குதளத்தை மேம்படுத்திய பின் ஆம்செக் நீட்டிப்பால் இன்டெக்ஸ்களைச் சோதித்து, கெட்டதை ரீஇன்டெக்ஸ் செய்வது அதனால்தான்.

எழுத்து எண்ணிக்கையையும் சோதியுங்கள். 'மலேசியா' நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. லெங்த் ஃபங்க்ஷன் 7 என்கும், உயிர்க்குறிகளைத் தனியே எண்ணுவதால். யூடிஎஃப்-8 பைட் கணக்கில் 21. இருபது எழுத்து போதும் என்று எல்லை வைத்த பெட்டியில் தமிழ்த் தலைப்பு நுழையாமல் போவதன் காரணம் இதுதான்.

தேடலுக்கு: 12-ஆம் பதிப்பில் ஸ்னோபால் திட்டத்தின் தமிழ் வேர்ச்சொல் பிரிப்பான் சேர்ந்தது, இந்தோனேசிய மொழியும் கூடவே. மலாய்க்குத் தனியாக இல்லை. தமிழுக்கு நிறுத்தச்சொல் பட்டியல் உடன் வருவதில்லை, 'ஒரு', 'இந்த' எல்லாம் இன்டெக்ஸில் ஏறும். நீங்களே ஒரு கோப்பு எழுதிக் கொடுக்க வேண்டும். டிஎஸ் லெக்ஸைஸ் ஃபங்க்ஷனுக்கு நூலகத் தலைப்புகளில் உள்ள சொற்களை ஒவ்வொன்றாகக் கொடுத்து, வேர் தப்பாக வந்தவற்றைப் பட்டியல் எடுங்கள். இங்கே கவனம்: அந்தத் திருத்தம் ஸ்னோபால் திட்டத்துக்குப் போக வேண்டும், போஸ்ட்கிரெஸுக்கு அல்ல. போஸ்ட்கிரெஸ் அங்கிருந்து எடுத்து வைத்துக்கொள்கிறது. எந்த ஓட்டை எந்த வீட்டுக்குச் சொந்தம் என்று பிரித்தறிவதே தொழிலில் பாதி.

சொற்களைப் பிரிக்கும் பார்சரின் மூலநிரலையும் ஒருமுறை திறந்து பாருங்கள். கால் (ா), கொம்பு (ெ) போன்ற குறிகள் யூனிகோடில் 'எழுத்து' வகையில் சேராதவை. அவற்றில் சொல் உடைந்துவிடக் கூடாது என்பதற்காக அப்படிப்பட்ட குறிகளை வரிசையாக எழுதிய ஓர் அட்டவணையே அங்கே இருக்கிறது. நம் மொழி அந்த நிரலுக்குள் இருப்பதைப் பார்க்கும்போது வரும் நெருக்கம், தொடர்ந்து படிக்க வைக்கும்.

மூத்த நிரலாளர், கோலாலம்பூர்: போஸ்ட்கிரெஸுக்கு ஒரு பேட்ச் (நிரல் திருத்தம்) அனுப்பி ஆறு மாதம் ஆகிறது. "இப்போதைய நிரலோடு பொருந்தவில்லை, சரிசெய்து தாருங்கள்" என்ற ஒரு வரியைத் தவிர எதுவும் வரவில்லை. வெளியாள் என்பதால் ஒதுக்குகிறார்களா?

ஒதுக்கவில்லை ஐயா. கமிட் செய்யும் உரிமை உள்ளவர்கள் ஏறக்குறைய 30 பேர். வந்து குவியும் பேட்ச்களைப் பரிசீலிக்கும் கைகள்தான் குறைவு. ஆண்டுக்கு ஐந்து முறை, ஜூலை, செப்டம்பர், நவம்பர், ஜனவரி, மார்ச் மாதங்களில் கமிட்ஃபெஸ்ட் என்ற பரிசீலனை மாதம் நடக்கும். பேட்ச் அனுப்புகிறவர் அதே அளவு கடினமான இன்னொருவர் பேட்ச்சையும் பரிசீலிக்க வேண்டும் என்பது அங்குள்ள எதிர்பார்ப்பு. அதைச் செய்யாமல் காத்திருந்தால் காலம் போய்க்கொண்டே இருக்கும். ஏப்ரல் வாக்கில் புதிய அம்சங்களுக்குக் கதவு மூடிவிடும். அந்த நேரம் அனுப்பியது ஜூலை வரை தூங்கும்.

பரிசீலனைதான் உண்மையான பள்ளிக்கூடம் என்று நாங்கள் நம்புகிறோம். சொந்தமாக எழுதும்போது தெரிந்ததையே எழுதுவோம். பிறர் எழுதியதைச் சோதிக்கும்போதுதான் தெரியாத மூலைக்குத் தள்ளப்படுவோம். செய்யும் முறை இது. பேட்ச்சைப் புதிய நிரலின்மேல் பொருத்துங்கள். எச்சரிக்கை ஒன்றுகூட இல்லாமல் கம்பைல் ஆகிறதா பாருங்கள். 'மேக் செக்-வேர்ல்ட்' ஓட்டுங்கள். பிறகு நிரலைப் படிப்பதற்கு முன்பே, ஆவணத்தை மட்டும் வைத்து அந்த அம்சத்தைப் பயன்படுத்திப் பாருங்கள். ஆவணம் போதவில்லை என்றால் அதுவே முதல் குறிப்பு. அடுத்து உடைக்கப் பாருங்கள்: நல் (null, மதிப்பே இல்லாதது), காலியான டேபிள், பகுதிகளாகப் பிரித்த டேபிள், பாதியில் ரத்து, இரண்டு சாளரத்தில் ஒரே வரிசையை மாற்றுவது. கடைசி வகைக்கென்றே ஐசொலேஷன் என்ற சோதனைக் கோப்புறை இருக்கிறது. இவ்வளவுக்கும் பிறகு நிரலைப் படியுங்கள். "நன்றாக இருக்கிறது" என்று மட்டும் எழுதுவதால் யாருக்கும் பயனில்லை. எதைச் சோதித்தீர்கள், எது தேறியது, எதைப் பார்க்கவில்லை என்று எழுதுங்கள்.

இனி உங்கள் பேட்ச். ஒரு பேட்ச்சில் ஒரே நோக்கம் இருக்கட்டும். போகிற போக்கில் பக்கத்து வரிகளின் இடைவெளியைச் சீர்படுத்தாதீர்கள். பார்ப்பவருக்கு எது மாற்றம், எது அலங்காரம் என்று தெரியாமல் போகும். சோதனையும் ஆவணமும் அதனுடனேயே வரட்டும். கிட் ஃபார்மேட்-பேட்ச் கொண்டு வி1, வி2 என்று எண்ணிட்டு அனுப்புங்கள். புதிய உள் ஃபங்க்ஷன் சேர்த்தால் அதன் அடையாளமான ஓஐடி எண்ணை 8000 முதல் 9999-க்குள் எங்காவது தோராயமாக எடுங்கள். எல்லோரும் 8000-இலிருந்து தொடங்கினால் மோதும். உள் அட்டவணைப் பதிப்பு எண்ணை நீங்கள் மாற்ற வேண்டாம். அதைக் கமிட் செய்பவர் மாற்றுவார். நீங்கள் மாற்றினால் அந்த ஒரு வரியாலேயே பேட்ச் அடிக்கடி பொருந்தாமல் போகும். உங்களுக்கு வந்த அந்த ஒரு வரிக்குக் காரணம் அதுவாகவும் இருக்கலாம், முதலில் அதைப் பாருங்கள். பேட்ச் பொருந்துகிறதா என்று தானியங்கிச் சோதனை தொடர்ந்து பார்த்துக்கொண்டிருக்கும். சிவப்பு விழுந்தவற்றை மனிதர்கள் பெரும்பாலும் திறப்பதில்லை.

கல்லூரி மாணவர், பட்டர்வொர்த்: ஆங்கிலத்தில் விவாதிக்கத் தயக்கமாக இருக்கிறது.

தம்பி, அங்கே எழுதுகிறவர்களில் ஜப்பானியர், ரஷ்யர், பின்லாந்துக்காரர் என்று ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் ஏராளம். சிறிய வாக்கியங்கள் போதும். ஓட்டிப் பார்க்கக்கூடிய எஸ்கியூஎல் நான்கு வரி, எதிர்பார்த்த விடை, வந்த விடை, பதிப்பு எண் – இவை இருந்தால் இலக்கணத்தை யாரும் பார்க்க மாட்டார்கள்.

தரவுத்தள நிர்வாகி, செராஸ்: சர்வர் சில நாள் தொங்கிவிடுகிறது. மறுபடி தொடங்கினால் சரியாகிவிடுகிறது. இப்படிப்பட்ட நேரத்தில் உள்ளிருப்பவர்கள் வேறு என்ன செய்வார்கள்?

மறுபடி தொடங்குவதற்கு முன் சாட்சியத்தை எடுத்து வைப்பார்கள். காரணம் தெரியாத ஒன்றைச் "சரியாகிவிட்டது" என்று அவர்கள் சொல்வதில்லை. 2024 மார்ச்சில் போஸ்ட்கிரெஸ் டெவலப்பர் ஆண்ட்ரெஸ் பிராய்ன்ட், வேக அளவீடு செய்துகொண்டிருந்தபோது எஸ்எஸ்ஹெச் (தொலைவிலுள்ள கணினிக்குள் நுழையும் வழி) நுழைவு நேரம் 0.299 வினாடியிலிருந்து 0.807 வினாடியாகக் கூடியிருப்பதைக் கவனித்தார். அரை வினாடிதானே என்று விடவில்லை. தோண்டிக்கொண்டே போய், எக்ஸ்ஸெட் சுருக்கு நூலகத்தின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ திட்டமிட்டுப் புகுத்திய கள்ளவாசலைக் கண்டுபிடித்தார். பல லினக்ஸ் விநியோகங்களின் நிலையான பதிப்புகளுக்குள் அது போகாமல் தடுத்தது அந்தப் பழக்கம்.

2018-இல் வெளிவந்த, எழுதியதை வட்டில் பதிக்கச் சொல்லும் எஃப்சிங்க் அழைப்பின் சிக்கலும் இதே வகை. வட்டில் எழுதுவது தோற்றால் லினக்ஸ் ஒருமுறை பிழை சொல்லும். பிறகு அந்தப் பக்கங்களை 'எழுதியாயிற்று' என்று குறித்துவிடும். போஸ்ட்கிரெஸ் மறுபடி எஃப்சிங்க் கேட்கும், "வெற்றி" என்று பதில் வரும், தரவோ வட்டில் இல்லை. பல ஆண்டுகளாக எல்லோரும் சரி என்று நம்பியிருந்த மறுமுயற்சி அது. 2019 பிப்ரவரித் திருத்தத்திலிருந்து எஃப்சிங்க் தோற்றால் சர்வர் அங்கேயே நின்று, வால் (WAL) என்ற மாற்றக் குறிப்பேட்டிலிருந்து மீண்டு எழுகிறது.

உங்கள் சர்வருக்கு வருவோம். அடுத்த முறை தொங்கும்போது முதலில் பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டி, பிஜி லாக்ஸ் இரண்டையும் நேரக்குறிப்போடு கோப்பில் எடுங்கள். காத்திருப்பு வகை என்ற நெடுவரிசையைத் தவறாமல் பாருங்கள். 'டிரான்ஸாக்ஷனுக்குள் சும்மா' என்ற நிலையில் மணிக்கணக்காக ஓர் இணைப்பு இருந்தால், பெரும்பாலும் குற்றவாளி அதுதான். அது இல்லையென்றால், தொங்கும் புராசஸில் ஜிடிபி-யை இணைத்து 'பிடி' ஒருமுறை எடுத்து உடனே விலகுங்கள். இணைந்திருக்கும் வரை அந்த புராசஸ் உறைந்து நிற்கும், அதன் கையில் பூட்டு இருந்தால் மற்றவையும் காத்திருக்கும். பத்து வினாடி இடைவெளியில் மூன்று முறை எடுத்தால், ஒரே இடத்தில் நிற்கிறதா, சுற்றுகிறதா என்று தெரியும். பொருத்தமான டீபக் குறியீட்டுத் தொகுப்பை முன்கூட்டியே நிறுவியிருக்க வேண்டும், இல்லையென்றால் வெறும் முகவரிகள்தான் வரும்.

ஒரு பேக்எண்டை (ஓர் இணைப்புக்கான புராசஸை) மட்டும் கில் 9 கொடுத்துக் கொல்லாதீர்கள். பகிர்ந்த நினைவகம் கெட்டிருக்கலாம் என்று கருதி தாய் புராசஸ் எல்லா இணைப்புகளையும் துண்டித்துவிட்டு மீட்சியைத் தொடங்கும். பிஜி டெர்மினேட் பேக்எண்ட் ஃபங்க்ஷன் இருக்கிறது. இடம் நிறைந்துவிட்டது என்று பிஜி வால் கோப்புறையில் கை வைக்காதீர்கள், போஸ்ட்மாஸ்டர் பிட் கோப்பை அழிக்காதீர்கள். கில் 9-ஐப் பழக வேண்டும் என்றால் வீட்டு மடிக்கணினியில் பழகுங்கள்: சர்வருக்குச் சுமை கொடுக்கும் பிஜிபெஞ்ச் ஓடும்போது தாய் புராசஸையே கொன்று, மறுபடி எழுப்பி, லாகில் மீட்சி எந்த இடத்தில் தொடங்கி எங்கே முடிந்தது என்று படியுங்கள்.

முந்தைய பதிப்பில் இல்லாத தொங்கல் என்றால், அதை மறுபடி நிகழ்த்தும் சிறு ஸ்கிரிப்டை எழுதி, கமிட்களைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடும் கிட் பைசெக்ட் செய்யுங்கள். இடையில் 4000 கமிட்கள் இருந்தாலும் 12 முறை கம்பைல் செய்தால் குற்றம் செய்த கமிட் கிடைத்துவிடும். ஸ்கிரிப்ட் ஒவ்வொரு முறையும் தவறாமல் தொங்க வேண்டும். பத்தில் மூன்று முறைதான் தொங்குகிறது என்றால், ஒவ்வொரு படியிலும் அதை இருபது முறை ஓட்டிய பிறகே 'நல்லது' என்று குறியுங்கள். ஒரு தவறான 'நல்லது' மீதி எல்லாப் படிகளையும் வேறு திசைக்குக் கொண்டுபோய்விடும்.